திறமையைத் தேடி அலைந்தவர்

குழந்தைகளே, ஒரே ஆட்டத்தில் 13 முறை ஏமாந்துபோன ஓர் ஆட்டக்காரரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அது நடந்தது 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் தேதி. ஆட்டம் பேஸ்பால். ஏமாந்தவர் பெயர் பிராஞ்ச் ரிக்கி. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதர்தான் பின்னாளில் அமெரிக்க விளையாட்டு உலகத்தையே புரட்டிப் போட்டார்.

அவர் எப்படி ஏமாந்தார் என்று புரிய வேண்டுமானால் பேஸ்பால் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குத்தான் கிரிக்கெட் அத்துபடி ஆயிற்றே! அதை வைத்தே சொல்கிறேன். பேஸ்பாலில் ஸ்டம்பு கிடையாது. மைதானத்தில் சாய்சதுரம் போல நான்கு மூலைகள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி தூரம். ஒவ்வொரு மூலையும் ஒரு தளம். மட்டை பிடிப்பவர் நிற்கும் மூலைதான் வீட்டுத் தளம். பந்தை அடித்துவிட்டு மற்ற மூன்று தளங்களையும் தொட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். ஒரே மூச்சில் ஓட வேண்டும் என்பதில்லை. வழியில் ஏதாவது ஒரு தளத்தில் நின்றுகொள்ளலாம். அப்படி நிற்பவர், பந்து வீசப்படும் நேரம் பார்த்துச் சட்டென்று அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதும் உண்டு. இதற்குத் தளத்தைத் திருடுவது என்று பெயர். பயப்படாதீர்கள், இது விதிப்படி அனுமதிக்கப்பட்ட திருட்டுதான்!

இந்தத் திருட்டைத் தடுக்க வேண்டியவர், நம் விக்கெட் கீப்பர் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர். பந்தைப் பிடித்த வேகத்தில் அடுத்த தளத்துக்கு எறிய வேண்டும். ரிக்கி அன்று கேட்சர். தோளில் வலி. பந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. எதிரணியினர் ஒருவர் பின் ஒருவராக 13 தளங்களைத் திருடிவிட்டார்கள். அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையும் ஏறக்குறைய முடிந்தது.

ஆட்டக்காரராக அவர் தோற்றார். ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பவராக, அவர்களைப் பழக்குபவராக, அவருக்கு இணையானவர் அந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

பிராஞ்ச் ரிக்கி 1881ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டாக்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். தெய்வ பக்தி மிகுந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், பிரார்த்தனை, ஓய்வு, அவ்வளவுதான். அன்றைக்கு விளையாடுவதில்லை என்று அவர் தம் தாயார் எமிலியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த வாக்கு அவரை எவ்வளவு படுத்தியது என்று சொல்கிறேன்.

கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அவர் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். (என் இனம் பாருங்கள்! அதனால்தான் இவர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.) பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மற்ற நேரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமே லத்தீன் மொழி படிப்பார். அப்படிப் படித்துத்தான் ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே கால்பந்து, பேஸ்பால் இரண்டும் ஆடினார். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். விடுமுறையில் காசு வாங்கிக்கொண்டு ஆடியதால், கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விட்டது. அப்போதெல்லாம் கல்லூரி மாணவர் காசுக்கு ஆடக் கூடாது என்பது கடுமையான விதி. சரி, ஆடத்தானே கூடாது? அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார் ரிக்கி! இருபது வயதைத் தாண்டிய இளைஞர், தம் வயதுப் பையன்களுக்கே பயிற்சியாளர்.

அந்த அணியில் சார்லஸ் தாமஸ் என்ற மாணவர் இருந்தார். நல்ல ஆட்டக்காரர். கறுப்பின மாணவர். ஒருமுறை இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊருக்கு அணி ஆடப் போயிற்று. எல்லாரும் ஓட்டலுக்குப் போனார்கள். வெள்ளைக்கார மாணவர்களுக்கு அறை கொடுத்த ஓட்டல்காரர், தாமஸுக்கு மட்டும் அறை கிடையாது என்று சொல்லிவிட்டார். காரணம் அவர் தோலின் நிறம். வேறு காரணமே இல்லை.

ரிக்கி விடவில்லை. வாதாடினார். கடைசியில் தம் சொந்த அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுத் தரும்படி கேட்டு, தாமஸை அங்கே தங்க வைத்தார். அன்று இரவு தாமஸ் கட்டிலில் உட்கார்ந்து அழுதாராம். தம் கைகளை மாறி மாறித் தேய்த்துக்கொண்டே இருந்தாராம், அந்த நிறம் மட்டும் போய்விட்டால் போதும் என்பதுபோல. ரிக்கி இதைத் தம் வாழ்நாள் முழுவதும் பலரிடம் சொல்லியிருக்கிறார். சார்லஸ் தாமஸ் பிற்காலத்தில் பல் மருத்துவர் ஆனார். நல்லபடியாக வாழ்ந்தார். ஆனால் அவர் காலத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும் அவரால் பெரிய பேஸ்பால் அணிகளில் ஆடியிருக்க முடியாது. 1884க்குப் பிறகு அந்தப் பெரிய அணிகளில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆட விடப்படவில்லை. இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, பாருங்கள். எழுதாத சட்டம்தான் சில நேரம் மிகக் கெட்டியாக இருக்கும்.

ரிக்கி 1904இல் பட்டம் பெற்றார். சின்சினாட்டி அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட மாட்டேன் என்றார். அணிக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிறுதான் கூட்டம் வரும் நாள்! அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியிலும் நியூயார்க் அணியிலும் கொஞ்ச காலம் ஆடினார். அந்த 13 திருட்டுகள் நியூயார்க்கில் ஆடியபோது நடந்தவை.

அடுத்து வந்தது காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. குளிர்ந்த காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் சாரனாக் லேக் என்ற ஊரில் சிகிச்சை பெற்றுத் தேறினார். தேறியதும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1910 முதல் 1913 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளராகவும் இருந்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு முத்து கிடைத்தது. ஜார்ஜ் சிஸ்லர் என்ற இடதுகைப் பையன். பொறியியல் படிக்க வந்தவன். பந்து எறிவதில் புலி. ரிக்கி அவனைக் கூர்ந்து பார்த்தார். எறிவதைவிட அவன் பந்தை அடிக்கும் விதம் இன்னும் அழகாக இருந்தது. அவசரம் கிடையாது, வீண் அசைவு கிடையாது. பின்னாளில் ரிக்கி செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை நடத்தியபோது 1915இல் சிஸ்லர் அந்த அணிக்கே வந்தார். அதிலும் ஒரு சிக்கல். 17 வயதில், அப்பாவுக்குத் தெரியாமல், வேறோர் அணியின் ஒப்பந்தத்தில் சிஸ்லர் கையெழுத்துப் போட்டிருந்தார். வயது வராதவர் போட்ட கையெழுத்து செல்லாது என்று வாதாட வழி சொன்னவர் சட்டம் படித்த ரிக்கிதான். அந்த ஒப்பந்தம் செல்லாமல் போனதால் லாபம் அடைந்தவரும் ரிக்கிதான்! அவர் நல்லவர்தான், ஆனால் ஏமாளி இல்லை.

சிஸ்லரைப் பந்தெறிவதிலிருந்து விடுவித்து, தினமும் மட்டை பிடிக்கும்படி முதல் தளத்தில் நிறுத்தினார்கள். பலன் என்ன தெரியுமா? பேஸ்பாலில் பத்து வாய்ப்புக்கு மூன்று முறை சரியாக அடித்துவிட்டாலே சிறந்த மட்டையாளர் என்பார்கள். சிஸ்லர் 1920, 1922 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்துக்கு நான்குக்கும் மேல் அடித்தார். 1920இல் ஒரே பருவத்தில் 257 வெற்றி அடிகள். இந்தச் சாதனையை உடைக்க 84 வருடம் ஆயிற்று. ஜப்பானிலிருந்து போன இச்சிரோ சுசுகி 2004இல் 262 அடித்து உடைத்தார். சிஸ்லர் பெயரை மறந்துவிடாதீர்கள். கதையில் மறுபடியும் வருவார்.

ரிக்கி பிறகு அதே ஊரின் இன்னோர் அணியான கார்டினல்ஸுக்குப் போனார். பரம ஏழை அணி. பணக்கார அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்கிக் குவித்தன. ரிக்கியின் ஆட்கள் எங்காவது ஒரு சின்ன ஊர் அணியில் நல்ல பையனைக் கண்டுபிடிப்பார்கள். விலை கேட்பார்கள். உடனே அந்தச் சின்ன அணியின் முதலாளி, ரிக்கியே கேட்கிறார் என்றால் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு, பணக்கார அணியிடம் அதிக விலைக்கு விற்றுவிடுவார். தேடுவது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர்.

விவசாயி மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நெல் வாங்கக் காசில்லாவிட்டால் என்ன செய்வோம்? நாமே பயிர் செய்வோம். நாற்றங்காலில் விதைத்து, வளர்ந்ததைப் பிடுங்கி, வயலில் நடுவோம் இல்லையா? அதையேதான் அவர் செய்தார். சின்ன ஊர் அணிகளைக் கார்டினல்ஸ் ஒவ்வொன்றாகத் தன் வசமாக்கியது. 1919க்குப் பிறகு தொடங்கிய வேலை இது. கீழ்மட்ட அணியில் பையன்களைச் சேர்ப்பது, நன்றாக ஆடினால் அதற்கு மேல் அணிக்கு அனுப்புவது, கடைசியில் தேறியவர்கள் செயின்ட் லூயிஸுக்கு வருவது. இதற்குப் பண்ணை முறை என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு காலத்தில் 30க்கும் அதிகமான அணிகள், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இந்தப் பண்ணையில் இருந்தார்கள். ஏழை அணி 1926, 1931, 1934, 1942 என்று நான்கு முறை உலகத் தொடர் எனப்படும் மிகப் பெரிய பட்டத்தை வென்றது.

பையன்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்? ஊர் ஊராகத் தேர்வு முகாம் நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம். சிபாரிசுக் கடிதம் வேண்டாம். நூற்றுக்கணக்கில் வருவார்கள். ரிக்கி முதலில் ஓடச் சொல்வார். பிறகு எறியச் சொல்வார். பிறகுதான் மட்டை. மூன்றில் அவர் அதிகம் மதித்தது ஓட்டத்தை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடுகிறவன் மட்டை பிடிக்கும்போதும் உதவுவான், பந்தைத் தடுக்கும்போதும் உதவுவான். எறிவதும் அடிப்பதும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். கேட்டால் எளிதாகத் தெரிகிறது. ஆனால் அதுவரை பலரும் வெறும் பேரையும் தடித்த புஜத்தையும் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள்.

மட்டை பிடிப்பவர்களில் ஒரு குறை அவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். பந்து வரும்போது முன்காலை மிக நீட்டி வைப்பது. அப்படி வைத்தால் உடம்பு முன்பே முன்னால் போய்விடும். பந்து கொஞ்சம் மெதுவாக வந்தாலோ வளைந்தாலோ ஏமாந்து போவோம். கிரிக்கெட்டிலும் இது உண்டு, உங்களுக்கே தெரியும். பயிற்சிக்குப் புதுப்புதுக் கருவிகளைக் கொண்டுவந்தார். இடுப்புயரக் குழாயின்மேல் பந்தை நிறுத்தி வைத்து அடிக்கப் பழக்கினார். பந்தெறிபவர்களுக்காக வீட்டுத் தளத்தின் மேலே நான்கு கயிறுகளைக் கட்டிச் சட்டம்போல ஆக்கி, அந்தச் சட்டத்துக்குள் எறியச் சொன்னார். வழுக்கி விழுந்து தளத்தைத் தொடப் பழக மணல் குழி. என் பார்வையில் இவர் கடைசிவரை அந்தக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்தான். கரும்பலகைக்குப் பதிலாக மைதானம், அவ்வளவே.

குறைகளையும் சொல்ல வேண்டும் அல்லவா? ரிக்கி சம்பளம் கொடுப்பதில் மகா கஞ்சர். எல் சீப்போ என்று ஒரு பத்திரிகையாளர் அவருக்குக் கேலிப் பெயரே வைத்தார். ஆட்டக்காரரை வேறு அணிக்கு விற்கும் பணத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பண்ணையில் நூற்றுக்கணக்கில் பையன்களை அடைத்து வைத்தால், திறமை இருந்தும் மேலே போக இடமில்லாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். 1938இல் பேஸ்பாலின் தலைமை ஆணையர் லேண்டிஸ் தலையிட்டு, பண்ணையிலிருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்து உத்தரவிட்டார். அந்த விஷயத்தில் நான் ஆணையர் பக்கம்தான்.

இன்னொரு பட்டப் பெயர் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மகாத்மா! ஆமாம், நம் காந்தித் தாத்தாவின் பட்டம்தான். டாம் மீனி என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகத்தில் காந்தியைப் பற்றிய வர்ணனையைப் படித்தார். பக்திமான், தகப்பனைப் போன்றவர், அதே சமயம் சாமர்த்தியமான அரசியல்வாதி என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. படித்ததும் அவருக்கு ரிக்கி ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து பத்திரிகைகளில் ரிக்கியை மகாத்மா என்றே எழுத ஆரம்பித்தார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ரிக்கி 1942இன் இறுதியில் நியூயார்க் நகரின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குத் தலைமை ஏற்றார். அப்போது அவருக்கு அறுபது வயது ஆகிவிட்டது. பலர் ஓய்வு பெறும் வயது. அவர் வாழ்க்கையின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கறுப்பினத்தவருக்கென்று தனி அணிகள், தனி லீக்குகள் அப்போது இருந்தன. அவற்றில் அபாரமான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைப் பெரிய அணிகளில் சேர்க்க வேண்டும் என்று வெண்டல் ஸ்மித் போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் பல வருடமாக எழுதிப் போராடினார்கள். 1945இல் நியூயார்க் மாநிலம், வேலை தருவதில் இனப் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டது. எனவே எல்லாம் ரிக்கி ஒருவரால்தான் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் கதவை முதலில் திறந்தவர் அவர்.

சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கினார். கறுப்பினத்தவருக்காகப் புதிதாக ஓர் அணி அமைக்கப் போவதாகச் சொல்லி ஆட்களை அனுப்பினார். உண்மை நோக்கம் அனுப்பப்பட்டவர்களுக்கே முழுதாகத் தெரியாது. அப்படிப் போய்ப் பார்த்து வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் ஜார்ஜ் சிஸ்லர்! ஆடி ஓய்ந்தபின் தம் பழைய கல்லூரிப் பயிற்சியாளரிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

ரிக்கி தேடியது மட்டை வீரனை மட்டும் அல்ல. முதல் ஆளாக உள்ளே நுழைகிறவன் மேல் வசை விழும், பந்து விழும், பூட்ஸ் ஆணி விழும். அதைத் தாங்கும் மனம் வேண்டும். தேடல் ஜாக்கி ராபின்சனிடம் வந்து நின்றது. 1919இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் கல்லூரியில் படித்தபோது நான்கு விளையாட்டுகளில் கல்லூரி அணிக்கு ஆடியவர். ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அநியாயத்தைக் கண்டால் பொறுக்க மாட்டார். அதுதான் அவர் பெருமை. அதுதான் ரிக்கியின் கவலையும்.

1945 ஆகஸ்ட் 28ஆம் தேதி. புரூக்ளினில் ரிக்கியின் அலுவலகம். கிளைட் சுக்ஃபோர்த் என்ற தேடுநர் ராபின்சனை அழைத்து வந்தார். புதிய கறுப்பின அணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ராபின்சன் நினைத்திருந்தார். ரிக்கி முதலில் கேட்டது என்ன தெரியுமா? கல்யாணம் செய்துகொள்ளப் பெண் பார்த்து வைத்திருக்கிறாயா என்பதுதான்! ரேச்சல் என்ற பெண் இருப்பதாக ராபின்சன் சொன்னதும், நல்லது, வரப்போகும் நாட்களில் துணை தேவைப்படும் என்றார். பிறகு உண்மையைச் சொன்னார். ராபின்சனுக்குப் பேச்சே வரவில்லை.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். 63 வயதுப் பெரியவர் கோட்டைக் கழற்றிவிட்டு நாடகம் போட ஆரம்பித்தார். அறை இல்லை என்று விரட்டும் ஓட்டல் எழுத்தராக நடித்தார். சாப்பாடு தர மறுக்கும் பரிமாறுபவராக நடித்தார். மைதானத்தில் வேண்டுமென்றே இடித்துவிட்டுக் கேவலமாகத் திட்டும் எதிரணிக்காரராக நடித்து, ராபின்சன் முகத்துக்கு நேரே முஷ்டியை வீசினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம்! ராபின்சனுக்கு ரத்தம் கொதித்தது. பயந்து அடங்குகிற ஆளா வேண்டும் என்று கேட்டார். பதிலுக்கு அடிக்காமல் இருக்கும் அளவுக்குத் துணிச்சல் உள்ள ஆள் வேண்டும் என்றார் ரிக்கி. ராபின்சன் ஒருமுறை கையை ஓங்கிவிட்டால் போதும், இவர்களைச் சேர்த்தால் இப்படித்தான் என்று சொல்லிக் கதவை மறுபடி சாத்திவிடுவார்கள். அவருக்குப் பின்னால் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சாத்திவிடுவார்கள். ராபின்சன் வாக்குக் கொடுத்தார்.

ஓட்டல் எழுத்தராக நடித்தபோது ரிக்கிக்குச் சவுத் பெண்ட் ஊர் ஞாபகம் வந்திருக்குமா? வராமல் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1946இல் ராபின்சன் டாட்ஜர்ஸின் பண்ணை அணியான மான்ட்ரியால் ராயல்ஸில் ஆடினார். முதல் ஆட்டம் ஏப்ரல் 18. ஐந்து வாய்ப்பில் நான்கு வெற்றி அடி. அதில் ஒன்று எல்லைக்கு வெளியே பறந்த அடி. இரண்டு தளங்களைத் திருடினார். ராயல்ஸ் 14க்கு 1 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அந்த லீக்கிலேயே சிறந்த மட்டையாளர் அவர்தான்.

1947 ஏப்ரல் 15ஆம் தேதி. புரூக்ளின் எபெட்ஸ் மைதானத்தில் டாட்ஜர்ஸ் உடையில், 42ஆம் எண் போட்டு ராபின்சன் இறங்கினார். அறுபது வருடத்துக்கும் மேலாகச் சாத்தியிருந்த கதவு திறந்தது.

எளிதாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவரோடு ஆட மாட்டோம் என்று சொந்த அணியிலேயே சிலர் கையெழுத்து வேட்டை நடத்தப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்களை வேறு அணிக்கு அனுப்பத் தயார் என்று ரிக்கி தெரியப்படுத்திவிட்டார். ஃபிலடெல்ஃபியா அணி ஆட வந்தபோது அதன் மேலாளர் பென் சாப்மன் காது கூசும்படி திட்டினார். ராபின்சன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் திருப்பிப் பேசக் கூடாது என்று தெரிந்தே திட்டுகிறார்களே என்று அதுவரை ஒதுங்கி நின்ற சக ஆட்டக்காரர்களுக்கே பொறுக்கவில்லை. எடி ஸ்டாங்கி எழுந்து சாப்மனைச் சத்தம் போட்டார். அணியைப் பிளக்க நினைத்த வசை, அணியைச் சேர்த்து வைத்துவிட்டது.

அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது ராபின்சனுக்கே கிடைத்தது. 1949இல் பேசாமல் இருக்கும் கட்டுப்பாட்டிலிருந்து ரிக்கி அவரை விடுவித்தார். அதே வருடம் சிஸ்லர் அவருக்கு மட்டைப் பயிற்சி கொடுத்தார். அவசரப்பட்டுப் பாயாமல் பந்தைக் கடைசி நொடிவரை பார்த்து, எதிர்ப்பக்கமாகவும் அடிக்கக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் ராபின்சன் லீக்கிலேயே சிறந்த மட்டையாளர், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டையும் வென்றார். கல்லூரி மைதானத்தில் ஒரு பையனைக் கண்டுபிடித்ததன் பலன் எத்தனை வருடம் கழித்து எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்.

இங்கேயும் ஒரு குறை. ராபின்சன் அதற்குமுன் ஆடிய கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பின அணிக்கு ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை. முறையான ஒப்பந்தம் இல்லை என்று காரணம் சொன்னார். 1947 ஜூலையில் லாரி டோபி என்ற கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்ட கிளீவ்லண்ட் அணியோ, அவருடைய பழைய அணிக்குப் பணம் கொடுத்தது. மெல்ல மெல்ல நல்ல வீரர்கள் எல்லாரும் பெரிய அணிகளுக்குப் போக, கறுப்பின லீக்குகள் நலிந்து மறைந்தன. அந்த அணிகளை நடத்தியவர்களின் வருத்தத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

1950இன் இறுதியில் ரிக்கி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் போனார். அங்கே ஆரம்பத்தில் படுதோல்வி. 1952இல் 154 ஆட்டங்களில் 112 தோல்வி! ஆனால் அந்தத் தோற்ற அணியில்தான் மட்டையாளர்கள் தலையில் கடினமான கவசம் அணியும் பழக்கத்தை வலியுறுத்திப் பரப்பினார். பலர் சிரித்தார்கள். பிறகு பேஸ்பால் முழுவதும் அது கட்டாயம் ஆயிற்று. 1954இல் டாட்ஜர்ஸின் பண்ணை அணியில் அதிகம் ஆட விடப்படாமல் இருந்த போர்ட்டோ ரிக்கோ இளைஞர் ராபர்ட்டோ கிளமென்டேயைப் பைரேட்ஸ் 4,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. ரிக்கி அந்தப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1960இல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றபோது கிளமென்டே அந்த அணியின் தூண்களில் ஒருவர். அங்கே மட்டைப் பயிற்சியாளர் யார் என்று கேட்கிறீர்களா? சிஸ்லரேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கு என்ன ஆயிற்று? ரிக்கி அதைக் காப்பாற்றினார். அணி மேலாளராக இருந்த காலத்திலும் ஞாயிறு அன்று மைதானத்துக்கு வர மாட்டார். அன்றைக்கு மட்டும் அணியை நடத்த வேறொருவரை வைத்துக்கொள்வார். ஞாயிறு வசூல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறாரே என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1965 நவம்பர் 13ஆம் தேதி, மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா என்ற ஊரில் ரிக்கிக்குப் பாராட்டு விழா. உடல்நிலை சரியில்லாமல் மருத்துவமனையில் இருந்தவர், பிடிவாதமாக எழுந்து வந்துவிட்டார். மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கிச் சாய்ந்தார். அதன்பிறகு அவருக்கு நினைவு திரும்பவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி காலமானார். இன்னும் 11 நாள் இருந்திருந்தால் 84 வயது நிறைந்திருக்கும். செயின்ட் லூயிஸில் நடந்த இறுதிச் சடங்குக்கு, தலை நரைத்துப்போன ஜாக்கி ராபின்சன் வந்திருந்தார்.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கிறது. மிகச் சிறந்தவர்களுக்கு அங்கே வெண்கலப் பலகை வைப்பார்கள். சிஸ்லரின் பெயர் 1939இலும், ராபின்சனின் பெயர் 1962இலும் அங்கே இடம்பெற்றன. ஆயிரத்துக்கு 239 என்ற சுமாரான மட்டைச் சராசரியோடு, ஒரே ஆட்டத்தில் 13 தளங்களைப் பறிகொடுத்த பிராஞ்ச் ரிக்கிக்கும் 1967இல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள்.